நாயும் புலியும்: 23 புள்ளிகளில் ஒரு வேட்டை

நாயும் புலியும் இருவர் ஆடும் ஆட்டம். பலகை என்று தனியாக எதுவும் வேண்டாம்; ஒரு சுள்ளியும் கையகல வெறுநிலமும் போதும். இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் வயற்காவல் கொட்டிலின் மண்தரையிலும், குளக்கட்டு மரநிழலிலும், கோயில் மடத்துச் சீமெந்துத் தரையிலும் இதன் கோடுகள் கீறப்பட்டு வந்திருக்கின்றன. மண்ணென்றால் சுள்ளி, சீமெந்தென்றால் கரித்துண்டு. ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 நாய்கள். புலிக்குச் சற்றுப் பெரிய கல்லோ ஓட்டுத் துண்டோ, நாய்க்குப் புளியங்கொட்டையோ வேப்பங்கொட்டையோ. தமிழ்நாட்டில் ஆடு புலி ஆட்டம் என்று பெயர் பெற்றிருப்பதும் இதுவே.

முதலில் உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழே இறங்கும். அவற்றைக் குறுக்கே வெட்டி மூன்று கிடைக்கோடுகள். இவை வெளிக்கோடுகளையும் தாண்டி இருபுறமும் நீளும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு நேர்கோடும் வலப்பக்கம் ஒரு நேர்கோடும் இணைக்கும். இறங்கி வந்த நான்கு கோடுகளின் கால்களையும் அடியில் ஒரு கோடு சேர்த்துக் கட்டும். மலை மீது ஒரு பெட்டியைக் கிடத்தி வைத்தாற்போன்ற வடிவம். எண்ணிப் பார்த்தால் உச்சியில் 1, கிடைக்கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4, ஆக 23 புள்ளிகள். காய்கள் கட்டங்களுக்குள் இருப்பதில்லை. கோடுகள் சந்திக்கும் புள்ளிகளிலேயே இருக்கும்.

வழக்கமாகப் புலி ஒன்று உச்சியிலும், மற்ற இரண்டும் மேல் கிடைக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் நிற்கத் தொடங்கும். நாய்கள் அப்போது களத்தில் இல்லை; அவை கையில் இருக்கும். நாய்க்காரர் தம் முறைக்கு ஒன்றாக, காலியான எந்தப் புள்ளியிலும் வைக்கலாம். புலி தன் முறைக்குக் கோட்டு வழியே அடுத்த காலிப் புள்ளிக்கு நகரும். பக்கத்தில் நாய் நின்று, அதே கோட்டில் அதற்கப்பால் உள்ள புள்ளி வெறுமையாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து அந்த நாயை வெட்டும். வெட்டுண்ட நாய் திரும்பி வராது. 15 நாய்களும் வைத்து முடியும்வரை வைத்த நாயை நகர்த்தக் கூடாது. முடிந்த பிறகே நாய்களும் ஒரு புள்ளி ஒரு புள்ளியாக நகரும். நாய் எதையும் வெட்டாது. மூன்று புலிகளும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் நாய்க்கு வெற்றி. இனி வளைத்துப் பிடிக்க இயலாது என்ற அளவுக்கு நாய்கள் குறைந்தால் புலிக்கு வெற்றி. அந்த அளவு எத்தனை நாய் என்பதை ஆடுவோர் முன்கூட்டியே பேசிக்கொள்வர். ஊருக்கு ஊர் அது மாறும்.

வன்னி வழக்கின் பெயர் ஆட்டத்தின் விதிக்கு மிகப் பொருந்தி நிற்கிறது. ஆடுகள் கூடிப் புலியை மறிப்பது கற்பனையில்தான் நடக்கும். நாய்கள் கூடி ஒரு விலங்கை நாற்புறமும் வளைத்து அசையவிடாமல் நிறுத்துவது காடு சார்ந்த ஊர்களில் கண்ணால் கண்ட காட்சி. தனித்து முன்னே ஓடிய நாயை விலங்கு அடித்துவிடும். பின்துணை உள்ள நாயை நெருங்காது. ஆட்டத்தின் அடிப்படைச் சட்டமும் அதுதான். இலங்கையில் வேங்கைப்புலி இல்லை. இங்கே புலி என்று பேச்சுவழக்கில் சுட்டப்பட்டது சிறுத்தையையே. வன்னிக் காட்டின் பெருவேட்டை விலங்கு அது. ஆட்டத்தில் கல்லாக வைக்கப்படுவதும் அதுவே.

களத்தின் நுட்பம் கோடுகள் எங்கே முடிகின்றன என்பதில் இருக்கிறது. ஒரு கோடு ஒரு புள்ளியில் முடிந்துவிட்டால் அங்கே நிற்கும் நாயை அக்கோட்டு வழியே தாண்ட முடியாது, அப்பால் இறங்க இடமில்லை. உச்சியைத் தவிர்த்து, எந்தப் பக்கத்திலிருந்தும் தாண்ட முடியாத புள்ளிகள் 6: பெட்டியின் நான்கு மூலைகளும் அடிக்கோட்டின் இரு முனைகளும். பழகிய கை முதல் நாய்களை அங்கேதான் வைக்கும். ஏழாவது நாயிலிருந்து சிக்கல் தொடங்குகிறது. மிச்சம் 9 நாய்களுக்கும் இன்னொரு நாயின் முதுகே காப்பு. அவசரப்பட்டு நடுவே வைத்த ஒரு நாயால் இரண்டு மூன்று நாய்கள் அடுத்தடுத்து விழுவதைப் புதிதாக ஆடுபவர் எல்லாரும் ஒருமுறையாவது கண்டிருப்பர்.

புலியை அடைப்பதற்கும் கணக்கு உண்டு. பெட்டியின் மூலையில் நிற்கும் புலிக்கு இரண்டே வழிகள். ஒவ்வொரு வழிக்கும் முன்னே ஒன்று, அதன் பின்துணையாக ஒன்று என 4 நாய்கள் போதும். உச்சியில் நிற்கும் புலிக்கு நான்கு வழிகள். அதை அடைக்க 8 நாய்கள் வேண்டும். ஒரு புலி உச்சியிலும் மற்ற இரண்டும் தூரத்து மூலைகளிலும் நின்றால் 8, 4, 4 என 16 நாய்கள் தேவை. கையில் இருப்பதோ 15. ஒரு நாயையே இரண்டு புலிகளுக்குக் காவலாக நிறுத்தினாலன்றி நாய்க்காரர் வெல்ல முடியாது. இந்த ஒற்றை நாய்க் குறையில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. 15 என்ற எண்ணை முதலில் நிறுத்தியவர் யாராயினும் களத்தை நன்றாக அளந்து பார்த்தவர்.

இத்தகைய ஆட்டங்களின் வரலாற்றை எழுதுவது கடினம். மண்ணில் கீறிய கோட்டை அடுத்த மழை அழித்துவிடும். புளியங்கொட்டை எந்த அகழ்வுக் குழியிலும் ஆட்டக்காயாக அடையாளம் காட்டாது. இலங்கையின் ஊராட்டங்களை ஓரளவு முறையாக எழுத்தில் பதித்தவர் ஹென்றி பார்க்கர். 1873 முதல் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். குளங்களைத் தேடிக் காடுகளில் அலைந்த வாழ்வு அவருக்கு ஊர்மக்களின் கதைகளையும் விளையாட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தது. 1909 இல் இலண்டனில் வெளியான அவருடைய ‘ஏன்சியன்ற் சிலோன்’ நூல் வன்னியிலுள்ள வவுனிக்குளத்தின் தொன்மையை ஆராய்கிறது. அதே நூலில் ஆட்டங்களுக்கென ஓர் அதிகாரமும் இருக்கிறது. ஒரே மனிதர் குளத்தையும் ஆட்டத்தையும் அருகருகே வைத்து எழுதியது வன்னிக்கு வாய்த்த நற்பேறு.

சிங்கள ஊர்களில் இந்த வகை ஆட்டங்களுக்கு ‘திவியன் கெளிய’ என்று பெயர். சிறுத்தையாட்டம் என்பது பொருள். அவற்றுள் ஒன்று ‘தெமள திவியன் கெளிய’, அதாவது தமிழரின் சிறுத்தையாட்டம். வவுனியாவுக்குத் தெற்கே தமிழ் ஊரும் சிங்கள ஊரும் குளத்துக்குக் குளம் அடுத்தடுத்து இருந்தன. நெல்லும் காவலும் இருவருக்கும் பொது. அயலவர் ஓர் ஆட்டத்தைத் தமிழருடையது என்றே பெயரிட்டு ஆடியிருக்கிறார்கள். ஆட்டம் எங்கே பிறந்தது என்பதற்கு இது சான்றாகாது. யாரிடமிருந்து பெற்றோம் என்று அவர்கள் கருதினார்கள் என்பதற்குச் சான்றாகும்.

கல்லில் வெட்டிய களங்கள் தெற்கே கிடைக்கின்றன. மிகிந்தலையின் நெடும் படிக்கட்டில் ‘நெரெஞ்சி’ எனப்படும் வரிசையாட்டத்தின் கோடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. படிகள் அமைந்த காலத்தைக் கொண்டு கோடுகளின் காலத்தைச் சொல்வது சரியன்று, கட்டி முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து வந்த யாத்திரிகர் ஒருவரும் அதைக் கீறியிருக்கலாம். தமிழ்நாட்டுக் கோயில்களின் தளக்கற்களிலும் மண்டபத் திண்ணைகளிலும் காணப்படும் ஆடு புலிக் கோடுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

நாயும் புலியும் போன்ற இருவர் ஆட்டங்களின் பேரரசன் சதுரங்கம். அந்தப் பெயர் இலங்கையில் நடந்த வழி விந்தையானது. பார்க்கர் அப்பெயரில் பதிந்தது அரசனும் குதிரையும் உள்ள போராட்டத்தை அல்ல. எறிந்து விழுந்த எண்ணுக்கேற்பக் காய் ஓட்டும் ஓர் ஆட்டத்தை. வன்னி வீடுகளில் இன்றும் அறியப்பட்ட தாயம் அதன் நெருங்கிய உறவு. ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறி, ஒவ்வொரு பக்கத்தின் நடுக்கட்டத்திலும் மையத்திலும் புள்ளடி இட்டு, சோகி, அதாவது சோழி, எறிந்து ஆடுவர். சுற்றி வந்து மையம் சேர்ந்த காய் பழமாகும். பெயர் இப்படி இடம் மாறியதில் ஒரு பழைய உண்மை புதைந்திருக்கிறது. சதுரங்கம் ஆடப்பட்ட எட்டுக்கு எட்டுக் களம் சதுரங்கத்துக்காகப் பிறந்ததன்று. பாளி மொழியின் பிரமஜால சுத்தம், துறவிகள் விலக்க வேண்டிய விளையாட்டுகளில் எட்டு வரிசைக் களத்தையும் பத்து வரிசைக் களத்தையும் சொல்கிறது. அப்போது சதுரங்கம் பற்றிய பேச்சே இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில்தான் அந்தக் களமும் நால்வகைப் படையும் ஒன்றாக வருகின்றன. காயோட்டத்துக்குக் கீறிய கட்டத்தில் பின்னர் படைகள் ஏறின.

அந்தப் படை மேற்கே பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்கும் கிழக்கே சீனம், யப்பான் வரைக்கும் போனது. யப்பானில் அதன் பெயர் ஷோகி. வன்னித் தமிழில் எறியும் சோகியோடு இருக்கும் ஒலியொற்றுமை தற்செயலானது, இரண்டுக்கும் தொடர்பில்லை. நாரா நகரின் கோபுகுஜி விகாரை வளாகத்தில் 1993 இல் அகழ்ந்தெடுத்த 16 மரக்காய்களே யப்பானில் கிடைத்தவற்றுள் மிகப் பழையனவாகக் கருதப்படுகின்றன. உடன் கிடைத்த மரச்சீட்டில் 1058 ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு இருந்தது. ஷோகியில் ‘வெள்ளித் தளபதி’ என்றொரு காய் உண்டு. அது நேர் முன்னே ஒரு கட்டமும் நான்கு மூலைகளில் ஒவ்வொரு கட்டமும் போகும், ஆக ஐந்து வழி. ஏறத்தாழ 1030 இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெருனி, இங்கே சதுரங்கத்து யானை அப்படியே போவதாகக் குறித்தார்: நான்கு கால், ஒரு துதிக்கை. பர்மாவின் சிட்டுயினிலும் தாய்லாந்தின் மக்ரூக்கிலும் அதே நடை இருக்கிறது. யானை யப்பானுக்குப் போன வழியைக் காலடித் தடம் பார்த்தே சொல்லலாம் போலிருக்கிறது. அங்கே யானை என்ற பெயர் மட்டும் உதிர்ந்துபோனது.

யப்பானியர் முதலில் களத்தைப் பெருக்கினார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டத்தில் சூ ஷோகி. எல்லாவற்றுக்கும் மேலாக 36 வரிசைக் களத்தில் ஒருவருக்கு 402 காய் கொண்ட தைக்யோகு ஷோகி. ஒரு சுற்று முடிய எத்தனை நாள் செல்லும் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும். நிலைத்தது ஒன்பதுக்கு ஒன்பது களம், ஒருவருக்கு 20 காய். அதை நிலைக்க வைத்தது 16 ஆம் நூற்றாண்டளவில் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு விதி: எதிரியிடம் வெட்டிய காயைத் தன் கையில் வைத்திருந்து, பின்னொரு முறை காலிக் கட்டத்தில் தன் படையாக இறக்கலாம். இதற்கு ஏற்றபடி ஷோகிக் காய்களுக்கு இருநிறம் இல்லை. எல்லாம் ஒரே மரநிறம், ஐங்கோண வடிவம். கூர்முனை எதிரியை நோக்கி இருக்கும். காயைத் திருப்பி வைத்தால் ஆள் மாறிவிடும்.

1970 அளவில் ஒசாக்காவைச் சேர்ந்த குசுமோட்டோ ஷிகெனோபு ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஷோகியை மீண்டும் அமைத்துப் பரப்பினார். மினி ஷோகி என்று உலகம் அறிந்தது அதுவே. தாயக்கட்டத்தின் அதே அளவு. ஒருவருக்கு 6 காய்: அரசன், பொன், வெள்ளி, மூலைவழி ஓடுவது, நேர்வழி ஓடுவது, ஒரே ஒரு காலாள். முதல் வரிசையின் ஓரத்தில் அரசன். அவன் முன்னே அந்தக் காலாள். காய் உயர்வு பெறுவது எதிரியின் கடைசி வரிசையில் மட்டும். ஒரே நிலை நான்கு முறை திரும்பினால் முதலில் ஆடியவர் தோற்பார். தொடர்ந்து அரசனைத் தாக்கி அந்நிலையை உண்டாக்கினால் தாக்கியவர் தோற்பார். சிறுகளம் சுழன்றுகொண்டே நிற்காமலிருக்க இட்ட அணை இது.

2008 இல் இன்னும் சுருங்கிய ஒன்று வந்தது. தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர் கித்தாவோ மடோக்கா வகுக்க, புஜிதா மைக்கோ படம் வரைந்த டோபுட்சு ஷோகி, அதாவது விலங்கு ஷோகி. மூன்றுக்கு நான்கு கட்டம். ஒருவருக்குச் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கோழிக்குஞ்சு. குஞ்சு கடைசி வரிசை சேர்ந்தால் கோழியாகும். சிங்கத்தைப் பிடித்தாலும் வெற்றி, தன் சிங்கத்தைப் பத்திரமாக எதிர்க்கரை சேர்த்தாலும் வெற்றி. எழுத்தறியாத பிள்ளைக்காகச் செய்தது என்று எளிதாய் எண்ணியவர்களுக்கு 2009 இல் தனகா டெட்சுரோ கணினியில் விடை காட்டினார். தொடக்கத்திலிருந்து அடையக்கூடிய நிலைகள் 24,68,03,167. இருவரும் பிழையின்றி ஆடினால் 78 ஆவது நகர்வில் இரண்டாமவர் வெல்வார்.

சிறுகளத்துக்கு எப்போதும் ஓர் ஆபத்து உண்டு: காய்கள் ஒன்றையொன்று வெட்டித் தீர்ந்து வெறுமையாகலாம், அல்லது நெருக்கியடித்து உறைந்து போகலாம். மினி ஷோகி தப்பியது கையிலிருந்து காய் இறக்கும் விதியால். நாயும் புலியும் அதற்கு முன்பே அதே வழியைக் கண்டிருந்தது. 15 நாய்களும் வரிசையாய் நின்று தொடங்கவில்லை. ஒவ்வொன்றும் கையிலிருந்து இறங்குகிறது, எங்கே இறங்கும் என்று புலிக்காரருக்குத் தெரியாது. 25 கட்டத்தில் 12 காயோடு தொடங்கும் மினி ஷோகியில் 13 கட்டம் காலி. விலங்கு ஷோகியின் 12 கட்டத்தில் 4 காலி. நாய்கள் எல்லாம் இறங்கி ஒன்றும் சாகாதிருந்தால் 23 புள்ளியில் 5 காலி. அந்த ஐந்துக்குள் மூன்று புலிகள் மூச்சுவிட வேண்டும். யப்பானிய ஆட்டத்தில் வெட்டுண்டது உயிர்த்து வரும். வன்னி ஆட்டத்தில் வெட்டுண்ட இடம் புலிக்கு நிரந்தரமாகத் திறந்த வாசல். இரண்டில் எது கடுமை என்று கேட்டால் மண்ணில் கீறியதே கடுமை என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே இழப்புக்கு ஈடு கிடையாது.

நேபாளத்தின் பாக்சால் இதே குடும்பம். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அதைச் சிங்கப்பூரில் கணினி கொண்டு ஆராய்ந்து, இருபுறமும் சரியாக ஆடினால் சமன் என்று நிறுவினர். 23 புள்ளிக் களத்தையும் அளக்கலாம். மூன்று புலிகளை வைக்க 1,771 வகை உண்டு. 15 நாய்களும் நிற்கும் நிலைகள் மட்டும் 2,74,57,584. நாய்கள் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எத்தனை நின்றாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சேர்த்து எண்ணினால் 184 கோடியே 60 இலட்சத்துக்குச் சற்று மேல். எத்தனை நாய் இன்னும் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தால் இன்னும் பெருகும். விலங்கு ஷோகியின் நிலைகளைவிடப் பலமடங்கு. ஆனாலும் இன்றைய கணினிக்கு எட்டாத தொகை அல்ல.

வன்னியில் இவ்வாட்டத்தைச் சுமந்துவந்தவர்கள் குறைந்த எண்ணிக்கையினர். வன்னியின் தலைவன் பண்டார வன்னியனோடு 1803 இல் வன்னிமையின் எதிர்ப்பு முறிந்தபின், குளங்கள் உடைந்தும் காய்ச்சல் பரவியும் ஊர்கள் மெலிந்தன. 1895 இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கையேடு எழுதியபோது காடே பெரிது, ஊர் சிறிது. பிறகு இரணைமடுக் குளம் எழுந்தது. 1930களில் யாழ்ப்பாணத்து மக்கள் கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கினர். குடாநாட்டில் இதே பெயரில் ஆடப்பட்ட ஆட்டமும் அவர்களோடு வந்து, காட்டூரில் ஏற்கெனவே இருந்ததோடு கலந்திருக்கலாம். விதியில் வரும் சிறு வேறுபாடுகள் பல இந்தக் கலப்பில் விளைந்தவையாக இருக்கலாம்: புலியும் கையிலிருந்தே இறங்க வேண்டும் என்பாரும் உண்டு, தொடக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பாரும் உண்டு.

இரு தரப்பும் சமமில்லாத ஆட்டமாகையால் ஒரு சுற்றோடு தீர்ப்புச் சொல்வதில்லை. முதல் சுற்றில் புலி பிடித்தவர் அடுத்த சுற்றில் நாய் பிடிப்பார். வெட்டிய கொட்டைகளை எண்ணிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோடு மங்கிய இடத்தை மறுபடி கீறிக்கொண்டு, கற்களையும் கொட்டைகளையும் கைமாற்றிக்கொள்வர். இரண்டு சுற்றும் சேர்ந்ததுதான் ஓர் ஆட்டம்.